செக்ரட்டரி பதவிக்கு எதிராக ஒரு தடுப்பாட்டம்

ரிட்டயர் ஆன அன்று, சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமுமாக ஆட்டோவில் வீடு திரும்பும்போதே தீர்மானித்துவிட்டேன். இனி இந்த ஜன்மத்தில் எந்தப் பொறுப்பையும் ஏற்பதில்லை. காலையில் காபி, பேப்பர். பிறகு பேப்பரில் விட்டுப்போன பகுதி. மத்தியானம் தூக்கம். சாயங்காலம் கபாலி கோயில் குளத்தைச் சுற்றி ஒரு நடை. நாட்டுக்கு நான் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. நாடும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். யாரும் கூப்பிடவில்லை.

ஃப்ளாட் அசோசியேஷன் மட்டும் கூப்பிட்டது.

லஸ்ஸுக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவில் ஒரு சந்தில் எங்கள் ஃப்ளாட் இருக்கிறது. அசோசியேஷன் செக்ரட்டரி என்றால் என்னவென்று தனி வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கொடுத்து வைத்தவர்கள். தண்ணி லாரி வராவிட்டால் செக்ரட்டரியைக் கேட்பார்கள். வந்து கேட்டை இடித்தாலும் செக்ரட்டரியைத்தான் கேட்பார்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் ஆளைக் கூப்பிட வேண்டும்; ஆள் வரும்வரை உள்ளே மாட்டிக்கொண்டவரின் மனைவிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். மேல் வீட்டில் குளித்தால் கீழ் வீட்டில் சொட்டும். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடமாட்டார்கள். ரொம்ப நாகரிகமானவர்கள். இருவரும் தனித்தனியாக வந்து செக்ரட்டரியோடு போடுவார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது.

எனவே யாரும் ஆசைப்பட்டு செக்ரட்டரி ஆவதில்லை. முன்பு சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இன்றைய செக்ரட்டரி ராமானுஜம் தன் பெயர்ச் சீட்டை மட்டும் மடிக்காமல் உருட்டிப் போட்டார் என்று ஒரு புகார் எழுந்து, பாதி குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. அதன் பிறகு வந்ததுதான் இப்போதைய வழக்கம். எங்கள் பில்டர், விளம்பரத்தில் 'க்ளப் ஹவுஸ்' என்று போட்டுவிட்டு, அதற்குப் பதில் கார் பார்க்கிங்கில் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜையை இறக்கிவிட்டுப் போயிருந்தான். அந்த மேஜையில், இதுவரை தப்பித்து வந்த இரண்டு பேர் எல்லார் முன்னிலையிலும் ஆட வேண்டும். தோற்றவர் செக்ரட்டரி. தோற்றவனுக்குப் பதவி கொடுக்கும் ஊர் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று சொல்ல வந்தேன். அரசியல் செய்திகள் ஞாபகம் வந்தன. நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த வருடம் தப்பித்தவர்களில் மிஞ்சியது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் முதல் மாடி குலாம் ரசூல் பாய்.

பாய்க்கு ராயப்பேட்டையில் கார் சீட் கவர் தைக்கும் கடை. ரெக்சினை இழுத்து இழுத்து உரமேறிய கை. அந்தக் கைக்கு டேபிள் டென்னிஸில் தெரிந்தது ஒரே ஒரு அடி. சுழற்சி கிடையாது, வளைவு கிடையாது, சூது கிடையாது. பந்து வலையை ஒரு விரற்கடை தாண்டி, தாம்பரம் ஃபாஸ்ட் லோக்கல் மாதிரி நேராக வரும். நம் ஸ்டேஷனில் நிற்காது. ஒத்திகைக்காக ஒருநாள் ஆடிப் பார்த்தோம். நான் பேட்டைத் தூக்கும்போது பந்து பின்னால் ராமானுஜம் காரின் கதவில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"இன்னா கிச்சா சார், பந்து தெரிஞ்சிச்சா?" என்றார் பாய், அக்கறையாக.

"தெரிஞ்சுது பாய். போறச்சே."

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பாடி மீட்டிங். அன்றுதான் ஆட்டம். என் மிச்ச வாழ்நாளின் மத்தியானத் தூக்கம் மொத்தமும் அந்த மேஜைமேல் இருந்தது.

என் மனைவி விசாலாக்ஷி பாட்டு டீச்சர். காலையும் மாலையும் ஹாலில் ஜமக்காளம் விரித்து, சுருதிப் பெட்டியைப் போட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். ரிட்டயர் ஆன பிறகு நானும் கூட உட்கார்ந்து உதவி செய்கிறேன். நாற்காலிக் கையில் தாளம் போடுவேன். "வாயை நன்னாத் திறந்து பாடு" என்று ஊக்கப்படுத்துவேன். சரளி வரிசை முடிவதற்குள் பேப்பரில் வந்த முக்கியச் செய்திகளை உரக்கப் படித்துக் காட்டுவேன். பொது அறிவும் வேண்டுமல்லவா. சமீபத்தில் சில குழந்தைகள் நின்றுவிட்டார்கள். இந்தக் காலத்துப் பெற்றோருக்குச் சங்கீதத்தின் அருமை தெரிவதில்லை.

"பகல்ல எங்கயாவது வெளில போய்ட்டு வாங்கோளேன்" என்று அவள் அவ்வப்போது சொல்வதுண்டு.

"எங்க போறது? எதுக்கு?"

"எதுக்குமில்லை. போறதுக்காகப் போங்கோ."

என் உடல்நலத்தில் அவளுக்கு அவ்வளவு கவலை.

ஆட்ட விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் ஒரு கணம் மலர்ந்த மாதிரி இருந்தது. செக்ரட்டரி ஆனால் நாள் முழுக்கக் கீழேயே வேலை இருக்குமே, நல்ல காற்று வருமே என்றாள். செக்ரட்டரி ஆவதைவிடக் காசிக்குப் போய்விடுவேன் என்றேன். காசிக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம் என்று அவள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் வெண்டைக்காய் நறுக்கினாள். விசாலாக்ஷி நறுக்கும்போது யோசிக்கிறாள் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியும். என்ன யோசிக்கிறாள் என்பதுதான் தெரியாது.

"சரி, அப்ப ஜெயிக்கத்தான் வேணும்" என்றாள் கடைசியில்.

முதலில் நானே பயிற்சியில் இறங்கினேன். பாண்டி பஜாரில் ஒரு கடையில் உயர்ந்த ரக பேட் வாங்கினேன். இது கையில் இருந்தால் போதும், ஆட்டம் தானாக வரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். பேட்டில் குறையில்லை. கூட என்னையும் அழைத்துப்போக வேண்டியிருந்ததுதான் சிக்கல். செல்போனில் வெள்ளைக்காரர்கள் ஆடும் வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர், பின்னால் போய் நின்று ஆடு என்றார். போனேன். வரிசையாக நின்ற ஸ்கூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. இன்னொருவர், பலத்துக்குப் பலம் என்றார். அவரை நம்பி வீசினேன். பந்து இரண்டாவது மாடி பால்கனியில் காய்ந்த அப்பளத்தின் நடுவே போய் உட்கார்ந்தது.

வாட்ச்மேன் இல்லாத நேரமாகப் பார்த்து பாய் எனக்குச் சில பந்துகள் அடித்துப் பழக்கிக்கொண்டிருந்தார். எதிரியே சொல்லித்தருகிறாரே என்று ஆச்சரியப்படாதீர்கள். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அப்போது மாடிப்படியில் காய்கறிப் பையோடு வந்த விசாலாக்ஷி நின்றாள். மேஜை அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவே தெரியாது.

"கையை இறுக்கிண்டிருக்கேள்" என்றாள்.

"நீ பார்க்கவேயில்லையே."

"எதுக்குப் பார்க்கணும்? கேட்டாலே தெரியறதே. பாய் அடிக்கறச்சே ஒரு சத்தம். நீங்க வாங்கறச்சே அதைவிடப் பெரிய சத்தம். வாங்கறவா சத்தம் போடப்படாது."

பாய் பேட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அக்கா சொல்றது கரெக்டா கீது சார்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் வகுப்பை முடித்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டாள். வாழ்நாளில் பேட்டைத் தொட்டதில்லை. ஆனால் கரப்பான்பூச்சியைச் செருப்பால் அடித்த அனுபவம் நிறைய. அதே அடி. அப்படியே பாயின் பந்து மாதிரி, தட்டையாக, நேராக வந்தது.

அவள் பாடம் எளிமையானது. பின்னால் போகாதே, மேஜையை ஒட்டி நில். பேட்டை வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொள். தம்புரா மீட்டுகிற விரல் தந்தியை எப்படித் தொடுமோ அப்படிப் பிடி. விழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அடிக்காதே. வீசாதே. பந்துக்கு ஏற்கெனவே வேகம் இருக்கிறது. அதற்கு பேட்டைக் காட்டினால் போதும், வந்த வழியே போய்விடும்.

"அவர் குடுத்த வேகம் அவருக்கே திரும்பிப் போகும். உங்க கையிலேர்ந்து ஒண்ணும் செலவழிக்க வேண்டாம்" என்றாள். சிக்கனம் சம்பந்தப்பட்டது என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்தது.

பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரமிருக்காது, அடிப்பவரின் தோளைப் பார் என்றும் சொன்னாள். பாடுகிறவள் மூச்சை இழுக்கும்போதே எந்த ஸ்வரத்துக்குப் போகிறாள் என்று தெரிந்துவிடுமாம். எனக்கு ஸ்வரம் தெரியாது. தோள் தெரிந்தது. நான்கைந்து மாலைகளில் பந்துகள் திரும்பிப் போக ஆரம்பித்தன. 'டக்' என்பது போய் 'டொப்' என்று கேட்டது. "இப்பத்தான் சுருதி சேர்றது" என்றாள். என் உள்ளே ஒரு விளையாட்டு வீரன் இத்தனை வருஷம் வவுச்சர்களுக்கு அடியில் புதைந்து கிடந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு குறை மட்டும் இருந்தது. எனக்குக் கோபம் வரும். ஒரு பந்து மூக்குக்கண்ணாடியில் பட்டது. அடுத்த பந்தை வீசி அடித்தேன். திறந்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தது.

"இதுதான் உங்க வியாதி" என்றாள் விசாலாக்ஷி. "கோபம் வந்தா கை இறுகிடறது. ஞாயித்துக்கிழமை அத்தனை பேரும் சுத்தி நின்னு கத்துவா. அப்பவும் கை இறுகப்படாது. இதுக்குத் தனியாப் பழகணும்."

அதற்கு அவள் கண்டுபிடித்த வழியை நான் மனதாரப் பாராட்டினேன். அதைத்தான் இன்று நினைத்தால் தாங்க முடியவில்லை.

மறுநாள் இரண்டாவது மாடி சரோஜாதேவியை அழைத்துவந்து மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். சரோஜாதேவியின் பாத்ரூம் கூரையில் நெடுநாளாகத் தண்ணீர் சொட்டுகிறது. குடை பிடித்துக் குளிக்கிறார் என்று வதந்தி. விசாலாக்ஷி பந்தை அடித்துக்கொண்டே இருப்பாள். சரோஜாதேவி தன் குறையைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, கை இறுகக் கூடாது. நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டே பந்தைத் திருப்ப வேண்டும்.

"என்ன பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

"சரி, பார்க்கலாம்னு சொல்லுங்கோ. அது எல்லாத்துக்கும் பொருந்தும்."

சரோஜாதேவி ஆரம்பித்தார். அந்த மாதிரிக் கேட்கிற ஆள் அவருக்குக் கிடைத்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். கூரை, சுவர், பூஞ்சை, மேல் வீட்டுக்காரரின் குணம், அவர் மாமியாரின் குணம் என்று விரிந்துகொண்டே போனது. நான் டொப், "சரிம்மா, பார்க்கலாம்", டொப், "ஆளை வரச் சொல்றேன்", டொப். ஒரு பந்துகூடத் தவறவில்லை. முடிந்து எழுந்தபோது அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது. மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்றார்.

செய்தி பரவிவிட்டது. அடுத்த நாள் சாயங்காலம் மேஜையருகே வரிசையே நின்றது. ஒருவருக்குப் பார்க்கிங்கில் தூண் இடிக்கிறது. ஒருவருக்கு மொட்டைமாடியில் எதிர்வீட்டு நாய் படுக்கிறது. ஒருவருக்கு லிஃப்ட் கதவு முனகுகிறது. இன்னொருவருக்கு அது முனகாமல் திறக்கும்போதுதான் பயமாக இருக்கிறதாம். செக்ரட்டரி ராமானுஜமே வரிசையில் வந்து நின்றார். பாவம், எல்லாரும் அவரிடம் சொன்னார்கள், அவர் சொல்ல இதுவரை யாரும் இல்லை. அவருக்கும் டொப், "சரி சார், பார்க்கலாம்."

பாயின் மனைவி கைசர் ஜஹானும் வந்தார். மோட்டார் போட்டால் அவர்கள் படுக்கையறைச் சுவர் அதிர்கிறது என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொன்னவிதத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

"உங்ககிட்ட சொன்னாலே பாதி கஷ்டம் கொறஞ்சிடுதுண்ணா. எங்க வூட்ல எதுனா சொன்னா, சொன்ன வேகத்துல நம்ம மூஞ்சிக்கே திரும்பி வருது."

விசாலாக்ஷியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. எதிரியின் வீட்டிலேயே எனக்கு ஆதரவு.

ஞாயிறு வந்தது. கார்களையெல்லாம் தெருவில் நிறுத்திவிட்டு, கார் பார்க்கிங் முழுக்க நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவர் ராமானுஜம். மோட்டார் ரூம் சாவிக்கொத்தை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து, யாருக்காவது கொடுத்துவிடும் அவசரத்தோடு கையிலேயே வைத்திருந்தார். சாவியைப் பார்த்ததும் என் கை இறுகிவிட்டது. முதல் ஆட்டம் பாய் கடைக்குப் போகிற அவசரத்தில் முடித்த மாதிரி முடிந்தது. என் பந்துகளைக் கூட்டம்தான் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பக்கம் மாறும்போது விசாலாக்ஷி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "சத்தம்."

விரல்களைத் தளர்த்தினேன். பாயின் தோளைப் பார்த்தேன். டொப். பந்து திரும்பிப் போனது. பாய் மறுபடி அடித்தார். டொப். இன்னும் ஓங்கி அடித்தார். டொப். அவர் எவ்வளவு வேகமாக அனுப்பினாரோ அவ்வளவு வேகமாக அவருக்கே திரும்பியது. நாலாவது ஐந்தாவது அடியில் அவரே வலையிலோ வெளியிலோ போட்டுக்கொண்டார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

"இன்னா சார் இது, செவுத்தாண்ட ஆடிக்கினு கீற மாதிரி கீது" என்றார் மூச்சிரைக்க.

நான் பதில் சொல்லவில்லை. சுவர் பதில் சொல்லுமா.

ஆளுக்கு ஒன்றாகி, கடைசி ஆட்டத்தில் பாய் தன் பலம் முழுவதையும் திரட்டி ஒரு அடி அடித்தார். கார் சீட்டே கிழிந்திருக்கும். நான் பேட்டை மட்டும் காட்டினேன். பந்து அவர் இடுப்பருகே போய், அவர் பேட்டில் பட்டு, உத்தரத்தில் பட்டு, ராமானுஜத்தின் மடியில் விழுந்தது. ஜெயித்துவிட்டேன். நாற்காலிகளெல்லாம் எழுந்து நின்றன. சரோஜாதேவி கைதட்டியது எல்லாரையும்விட உரக்கக் கேட்டது. எதிர்காலத்து மத்தியானங்கள் எல்லாம் பாய் விரித்துத் தலையணை போட்டு என்னைக் கூப்பிடுவது போலிருந்தது.

குலாம் ரசூல் பெருந்தன்மையான மனிதர். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேச்சுன்னா பேச்சு. நான்தான் செக்ரட்டரி. சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினார். ராமானுஜமும் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் விசாலாக்ஷி.

சாவிக்கொத்து நடுவழியில் நின்றது.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. பாய் தங்கமான மனிதர் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் எது வந்தாலும் ஓங்கி அடித்துவிடுவார் என்பதை எல்லாரும் இப்போது பார்த்தீர்கள், தண்ணி லாரிக்காரனிடமும் அப்படித்தானே பேசுவார் என்றாள். சரோஜாதேவி உடனே, போன கோடையில் பாய் ஒருநாள் லாரிக்காரனிடம் நியாயம் கேட்கப் போனதையும், லாரி தண்ணீரோடு அப்படியே திரும்பிப் போனதையும் நினைவூட்டினார். ஆமாம் என்று பாய் தலையாட்டினார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"தோத்தவாகிட்டயா பில்டிங்கைக் குடுக்கறது? நீங்களே யோசிச்சுப் பாருங்கோ" என்றாள் விசாலாக்ஷி. "இத்தனை நாளா யார்கிட்ட வந்து உங்க கஷ்டத்தையெல்லாம் சொன்னேள்? யார் கோச்சுக்காம கேட்டுண்டார்?"

கூட்டம் மொத்தமாக என் பக்கம் திரும்பியது.

வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்றேன். வழக்கம் வேறு, ஜெனரல் பாடி வேறு என்றார் ராமானுஜம். கை தூக்கினால் முடிந்தது. தூக்கினார்கள். கைசர் ஜஹான் தூக்கினார். பார்க்கிங்கில் தூண் இடிப்பவர் இரண்டு கையையும் தூக்கினார். பேட்டைப் பிடித்திருந்த குலாம் ரசூலின் உரமேறிய கை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

கோபம் வந்தது. நியாயமாகக் கத்தியிருக்க வேண்டும். பேட்டை வீசியிருக்க வேண்டும். எழுந்து காசிக்குப் போயிருக்க வேண்டும். சரோஜாதேவி கிட்டே வந்து, "சார், நீங்களே பார்த்துக்கறீங்களா?" என்று கேட்டார். விரல்கள் தானாகத் தளர்ந்தன. இத்தனை நாள் பழக்கம்.

"சரிம்மா, பார்க்கலாம்" என்றேன்.

கைதட்டலில் கூரைப் பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. அதையும் என்னிடமே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, நீ யார் பக்கம் என்று கேட்டேன்.

"உங்க பக்கம்தான். தோத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"செக்ரட்டரி ஆயிருப்பேன்."

"அது அவமானம். இப்ப ஜெயிச்சு ஆயிருக்கேள். எவ்வளவு கௌரவம்."

"எப்படிப் போனாலும் நான்தானே ஆயிருப்பேன்?"

"ஆமா" என்றாள் விசாலாக்ஷி, ஜமக்காளத்தை விரித்தபடி. நின்றுபோன குழந்தைகள் நாளையிலிருந்து திரும்ப வருகிறார்களாம். இன்றே சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

இன்டர்காம் அடித்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள்தான் எடுத்தாள்.

"செக்ரட்டரியா? ஆத்துல இல்லையே, அப்பவே கீழ போயிட்டாரே" என்று சொல்லிக்கொண்டே, என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.